அப்பாவின் குரல் இறங்கியபோது

அப்பாவுக்குக் கணீரென்ற குரல். அவர் பக்கத்து அறையில் பேசினால் இங்கே எனக்குப் படிப்பு ஓடாது. அந்தக் குரல் 3 வருஷத்துக்கு முன்னால் மெல்ல இறங்க ஆரம்பித்தது. "சத்தமாப் பேசுங்கப்பா" என்றால், "சத்தமாத்தானே பேசுறேன், உன் காதுலதான் கோளாறு" என்பார். ஏதோ மனத்தாங்கல், அதனால்தான் முனகுகிறார் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். அம்மா 2 நாள் அவரோடு பேசவே இல்லை.

ஒருநாள் அவருடைய பழைய வாய்ஸ் மெசேஜையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். இரண்டிலும் ஒரே கேள்வி: "வந்து சேர்ந்துட்டியாம்மா?" பழையதில் அந்தக் கடைசி 'மா' மேலே ஏறி நீளும். புதியதில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, கேள்வி என்பதே தெரியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம், இது பார்க்கின்சன் நோய் என்றார். அப்போது கை நடுக்கம்கூட இல்லை. இந்த நோயில் அசைவுகள் சுருங்குமாம்: நடையில் அடி குறுகும், கையெழுத்து பொடியாகும், அதேபோல் குரலும். தன் சத்தத்தை அளக்கும் உள்கணக்கும் தப்பிவிடுவதால், தாழ்ந்த குரலே அவருக்குச் சரியான சத்தமாகத் தோன்றும். அப்பா வீம்புக்குச் சொல்லவில்லை. அம்மா அன்றைக்கு அழுததை என்னால் மறக்க முடியாது.

பேச்சுப் பயிற்சி வாரம் 4 நாள், 4 வாரம். மூச்சை இழுத்து 'ஆ' என்று முழுச் சத்தத்தில் நீட்ட வேண்டும். முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டியதும் "இதுவா நான்?" என்றார்.

---

மேலே எழுதியவருக்கு: படித்ததும் என் அக்கா நினைவுதான் வந்தது. நான் 6 வருஷம் தொலைபேசி உதவி மையத்தில் வேலை பார்த்தவள். பழைய தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 300 அதிர்வுக்கு, கீழே உள்ள ஒலியைக் கடத்தாது. ஆணின் குரல் சுமார் 120 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும், அதனால் அந்த அடித்தளத்தை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. அப்படிப்பட்ட இணைப்பிலும் எதிர்முனையில் இருப்பவர் சிரித்துக்கொண்டு பேசுவது தெரியும், உதடு விரிந்தால் ஒலியே மாறிவிடும். இவ்வளவு தெரிந்தும், அக்கா 3 மாதம் கரகரத்த குரலில் பேசியதைச் சளி என்று விட்டுவிட்டேன். குரல்வளையில் கட்டி. தொண்டைக் கரகரப்பு 3 வாரத்தைத் தாண்டினால் தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

---

கேட்டதற்கு நன்றி அக்கா. தினமும் காலையில் 'ஆ' நடக்கிறது. போனில் சத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே நீட்டுகிறார், முள் இறங்கினால் அம்மா அவர் தோளைத் தட்டுவார்.