சிப்பிப்பாறை நாயுடன் தனுஷ்கோடி செல்லலாமா?

கேள்வி: மதுரைக்காரன்

அடுத்த சில மாதங்களுக்குள் குடும்பத்துடன் காரில் தனுஷ்கோடி சென்றுவர எண்ணியிருக்கிறோம். எங்கள் வீட்டு நாயையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அது இரண்டு வயதுச் சிப்பிப்பாறை. ஓடுவதென்றால் அதற்கு உயிர். தெருவில் சங்கிலியோடே நடந்து பழகிய அதை, ஆளரவமற்ற அந்த மணற்பரப்பில் ஒருமுறையாவது அவிழ்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எந்தக் காலம் ஏற்றது, எந்தப் பக்கக் கரை பாதுகாப்பானது என்பதை அங்கே பழக்கமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: தீவுவாசி

வணக்கம். மாதத்தைக் கேட்பதைவிடக் காற்றைக் கேட்டுக்கொண்டு வருவதே நல்லது. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அதே நாளில் வடக்கே பாக் விரிகுடா குளம்போலக் கிடக்கும். வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். இரண்டு கரைக்கும் இடையே நடந்தே போய்விடலாம் என்பதால், அன்றைக்கு எந்தக் கடல் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் இறங்குங்கள். கச்சான் கடுமையாக இருக்கும் நாள்களில் மணல் தரையை ஒட்டியே பறந்து வரும். நமக்கு முழங்காலில் படுகிற அந்த மணல் நாய்க்கு நேராகக் கண்ணிலும் மூக்கிலும் அடிக்கும் என்பதால், அத்தகைய நாளில் அதை அழைத்து வராதீர்கள்.

2017இல் சாலை திறக்கப்பட்டதிலிருந்து அரிச்சல்முனை வரை கார் செல்கிறது. ஆனால் இரண்டு கடலும் சேரும் அந்த முனையில் நீரோட்டம் மிகவும் வலுவானது. அங்கே மனிதரோ நாயோ தண்ணீரில் கால் வைக்கவே கூடாது.

மறுமொழி: பறவைநோக்கி

நாயை அழைத்துச் செல்வதில் எனக்கு மறுப்பில்லை, அவிழ்த்துவிடுவதில்தான் இருக்கிறது. வாடைக் காலத்தில் அங்குள்ள ஆழமற்ற நீர்ப்பரப்புகளுக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றுக்காகவே 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு சரணாலயமாக அறிவித்தது. நெடுந்தொலைவு பறந்து வந்து, சேற்றை அலகால் அரித்து இரை தேடும் பறவைகளை ஒரு நாய் எழுப்பிவிட்டால், கூட்டம் முழுவதும் மேலெழுந்து, தின்று சேர்த்த வலுவை வீணாக்க நேரிடும். சிப்பிப்பாறையோ அசைவதைக் கண்டதும் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட வேட்டை நாய். ஓடத் தொடங்கியபின் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகளும் இந்தக் கரையேறி முட்டையிடுகின்றன. நாய்கள் மோப்பம் பிடித்து அந்தக் குழிகளைத் தோண்டிவிடுவது நம் கடற்கரைகள் பலவற்றில் உள்ள துயரம். அது ஓட வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானதே. மதுரைப் பக்கத்திலேயே வேலியடைத்த தோப்பு ஒன்றில் அதை நிறைவேற்றிவிட்டு, இங்கே நீளக் கயிற்றில் நடத்திச் செல்லுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: கால்நடை மருத்துவர்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். உடல்நலத்தைப் பற்றிச் சில சொற்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் எந்த மீனையும் நாய் கவ்வ விடாதீர்கள். அவற்றில் பேத்தை மீனும் இருக்கலாம். அதன் நஞ்சு காய்ந்தாலும் வெந்தாலும் போகாது. தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும், மாற்றுமருந்தும் இல்லை. அறுந்த வலைத்துண்டுகளும் தூண்டில் முட்களும் மணலில் புதைந்திருக்கும். கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மிகுதியாகக் குடித்தால் வலிப்பே வரக்கூடும். ஆகவே நல்ல தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் சென்று அடிக்கடி கொடுங்கள். அங்கே மரநிழல் அரிது என்பதால் விடிந்ததும் சென்று, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். மீனவர் குடிசைகளை ஒட்டித் தெருநாய்கள் இருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள்.

கேள்வி: மதுரைக்காரன்

அனைவருக்கும் மிக்க நன்றி. அவிழ்த்துவிடும் எண்ணத்தைக் கைவிட்டேன். நீளக் கயிற்றுக்குக் கழுத்துப்பட்டை போதுமா?

மறுமொழி: கால்நடை மருத்துவர்

போதாது. சிப்பிப்பாறையின் தலை ஒடுங்கியது. பின்வாங்கி இழுத்தால் சாதாரணப் பட்டை காதுகளைத் தாண்டிக் கழன்றுவிடும். ஓடும் வேகத்தில் கயிறு இறுகினால் கழுத்தெலும்பும் அடிபடும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையை வாங்கி, ஒரு வாரமாவது வீட்டிலேயே அணிவித்துப் பழக்குங்கள். பறவைகள் கண்ணில் பட்டதும் கயிற்றைச் சுருக்கிக் கையருகே பிடித்துக்கொள்ளுங்கள்.