மூன்றே நாளில் படர்தாமரை போகுமா? களிம்புக் குழாயைச் சுற்றி ஒரு விவாதம்

வெண்ணாற்றங்கரை:
சென்ற வாரம் நடவுக்கால உடல்நலம் பற்றிய இழையில் திருவையாற்றுக்காரன் என்ற அன்பர், "இடுப்பைச் சுற்றி வந்த படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரே களிம்பு போதும், மூன்றே நாளில் போன இடம் தெரியவில்லை, தோல் மருத்துவருக்குக் கொடுக்கும் காசு தண்டம்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நன்றி தெரிவித்துக் களிம்பின் பெயரைக் கேட்டு நின்றவர்களின் வரிசையைப் பார்த்த எரிச்சலில்தான் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூஞ்சையைக் கொல்லும் எந்தக் களிம்பும் மூன்று நாளில் படர்தாமரையைத் தீர்ப்பதில்லை. மூன்று நாளில் நின்றது அரிப்பு மட்டுமே. அதை அவ்வளவு அடியோடு நிறுத்தியது பெரும்பாலும் அந்தக் குழாய்க்குள் கலந்திருக்கும் கிளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டாக இருக்கும். மேற்பூச்சு ஸ்டீராய்டுகளில் அதுவே மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. தோலின் எதிர்ப்பை அது அடக்கிவிடுவதால் சிவப்பும் அரிப்பும் மறைகின்றன. பூஞ்சையோ கேட்பாரின்றிப் பரவுகிறது. அன்பர் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் கலவையை அப்படியே இங்கே எழுதுவாரா?

திருவையாற்றுக்காரன்:
என் இடுப்பில் வந்த நோய் எத்தனை நாளில் போயிற்று என்பதை என்னைவிட வெண்ணாற்றங்கரையார் அறிந்திருப்பது வியப்பாக இருக்கிறது. மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். முதல் நாள் இரவே தூக்கம் வந்தது, மூன்றாம் நாள் தோல் வழவழவென்று ஆகிவிட்டது. எந்தப் புண்ணோடு போனாலும் ஊதா நிற மருந்தைத் தடவி அனுப்பிய காலத்து மருந்தாளுநர்களுக்கு, ஒரு களிம்பு உண்மையாகவே வேலை செய்தால் அதை நம்புவது கடினமாகத்தான் இருக்கும்.

மன்னை மருந்துக்கடை:
இந்த இழையைப் படிக்கிறவர்களுக்குக் கடைக்காரர்கள் எல்லோரும் ஊரைக் கெடுக்கிறவர்கள் என்றுதான் தோன்றும். நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு இருட்டிய பிறகு கடை வாசலுக்கு வந்து, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், தொடையிடுக்கில் அரிப்பு என்று சொல்லும் பெண்ணிடம், நாளைக் கூலியை விட்டுவிட்டு மருத்துவரின் சீட்டோடு வா என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான் சொன்னாலும் அவர் அடுத்த கடைக்குப் போவார். மேலும் அந்தக் களிம்பில் ஸ்டீராய்டோடு மைக்கோனசோலும் இருக்கிறது. பூஞ்சைக்கான மருந்தும் உள்ளே இருக்கும்போது மூன்று நாளில் குணமாகாது என்று அடித்துச் சொல்வது எந்தக் கல்லூரிப் பாடம்?

வெண்ணாற்றங்கரை:
மன்னையாருக்கு நன்றி. திருவையாற்றார் மறைத்த கலவையில் பாதியை அவரே சொல்லிவிட்டார். மீதியையும் நான் சொல்கிறேன்: பாக்டீரியாவுக்கு நியோமைசின் அல்லது ஜென்டமைசின், பூஞ்சைக்கு மைக்கோனசோல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளோபெட்டசால் 0.05 சதவீதம். நோய் எதுவென்று பார்க்காமலே விற்பதற்காகச் செய்த கூட்டு இது. மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவச் சீட்டின்றி விற்கக்கூடாத 'எச்' அட்டவணையில் மத்திய அரசு 2018 மார்ச்சில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தது. மன்னையார் நாள்தோறும் கையில் எடுக்கும் குழாயின் இடப்பக்கம் ஓடும் சிவப்புக் கோடு அழகுக்காகப் போட்டதன்று.

மூன்று நாளுக்கு வருகிறேன். படர்தாமரையின் ஓரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நடுப்பகுதி தெளிந்து, விளிம்பு மட்டும் சிறு கொப்புளங்களோடும் செதிலோடும் சற்று மேடாக வளையமிட்டிருக்கும். பூஞ்சை தீவிரமாக வளரும் இடம் அதுதான். அதைச் சுரண்டியெடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இழை இழையாகத் தெரியும். ஸ்டீராய்டு பட்டதும் விளிம்பு மங்கிச் செதில் உதிர்ந்து தோல் வழவழப்பாகிறது. திருவையாற்றார் கொண்டாடும் வழவழப்பு இதுவே. தடவுவதை நிறுத்தியதும் வளையத்துக்குள் வளையமாகத் திரும்பி வரும். அப்போது மீண்டும் அதே குழாய், மீண்டும் மூன்று நாள். இப்படி மாதக்கணக்கில் தொடையிடுக்கில் தடவியவர்களுக்குத் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழுகின்றன. அந்தக் கோடுகள் பிறகு மறைவதில்லை.

வண்டுகொல்லி:
மூன்று நாளா இல்லையா என்று நீங்கள் இருவரும் மோதிக்கொள்ளும் நேரத்தில், வாய்க்கால் கரையில் மஞ்சள் பூவோடு நிற்கும் சீமை அகத்தியை ஒருவரும் நினைக்கவில்லை. எனக்குப் புனைபெயர் தந்த செடியே அதுதான். அதன் இலையில் பூஞ்சையை எதிர்க்கும் கிரைசோபனால் இருப்பதை வேதியியலாரே ஒப்புக்கொள்கிறார்கள். அரைத்துத் தடவுவதற்குச் சீட்டும் வேண்டாம், சிவப்புக் கோடும் வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை:
இலையில் சத்து இருப்பதை நான் மறுக்கவில்லை. பிடுங்கிய ஒரு கைப்பிடியில் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை நாளில் எவ்வளவு தோலைத் தெளிவாக்கும் என்பதை யார் அளந்தார்கள்? ஆறு பங்கு பென்சாயிக் அமிலமும் மூன்று பங்கு சாலிசிலிக் அமிலமும் கலந்த விட்ஃபீல்டு களிம்பு விலை மலிவானது, பழமையானது, அளவு தெரிந்தது. அதற்குக்கூட வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாள் என்று அந்தக் களிம்பும் சொன்னதில்லை, வண்டுகொல்லியார் பாட்டியும் சொல்லியிருக்கமாட்டார்.

வண்டுகொல்லி:
என் பாட்டியை இந்த விவாதத்துக்குள் இழுத்தது தேவையற்றது. போன ஆண்டு வேப்பெண்ணெய் பற்றிய இழையிலும் தாங்கள் இப்படித்தான், பதில் இல்லாத இடத்தில் பெரியவர்களைக் கேலி செய்தீர்கள்.

கொள்ளிடக்கரை:
சீட்டு வேண்டும் என்றால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊர்களுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2020இல் பிரிந்த எங்கள் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு அது இல்லை. சீர்காழியிலிருந்து பேருந்து ஏறிப் போய்வரும் செலவையும் வெண்ணாற்றங்கரையார் சற்றுக் கணக்கிட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மன்னை மருந்துக்கடை:
கொள்ளிடக்கரையார் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். கேட்டால் சிவப்புக் கோட்டைக் காட்டுகிறார்கள்.

குடவாசல் வாசகி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அக்காள் மகள் முகம் வெளுக்க வேண்டும் என்று, ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த களிம்பைத் தோழி சொன்னதை நம்பி நெடுநாள் பூசினாள். இப்போது நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, வெயிலில் நிற்க முடியவில்லை. இதையும் உடனே நிறுத்த வேண்டுமா, படிப்படியாகக் குறைக்க வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை:
அம்மா, மொமெட்டசோனும் ஸ்டீராய்டுதான். முகத்தோல் மெல்லியது என்பதால் அங்கே கேடு விரைவில் தெரியும். எப்படி நிறுத்துவது என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அவளைத் தோல் மருத்துவரிடம் நேரில் அழைத்துப் போங்கள், களிம்புக் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள். அவளுக்கும் தொடக்கத்தில் சில நாட்கள் முகம் பளபளவென்று இருந்திருக்கும் என்பதைத் திருவையாற்றார் கவனிக்கட்டும்.

திருவையாற்றுக்காரன்:
பெண்பிள்ளையின் முகத்தையும் என் இடுப்பையும் ஒரே தட்டில் வைக்கும் அறிவை எங்கே கற்றீர்கள்? நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்று நாளில் போகவில்லை என்கிறீர்களே, எத்தனை நாளில் போயிருக்க வேண்டும்? எண்ணைச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
சொல்கிறேன். பூஞ்சைக்கான தனிக் களிம்பை வளையத்தின் மேல் மட்டுமல்லாமல், விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரையிலும் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரிவது அனைத்தும் மறைந்த பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கினால் அது அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அதுவே போதும். பரவிவிட்டால் களிம்பு மட்டும் போதாது, மருத்துவர் மாத்திரையும் எழுதுவார். இன்று அந்த மாத்திரைக்கும் சோதனை வந்துவிட்டது. 2020இல் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்ட பூஞ்சை, டெர்பினாஃபின் என்ற அந்த மாத்திரைக்கே பல நேரங்களில் மசிவதில்லை. பெயரில் நம் நாடு இருப்பது பெருமைக்குரியதன்று; கலவைக் களிம்புகளின் கண்மூடித்தனமான புழக்கத்தையும் இந்தப் பெருக்கத்துக்கு ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்கள் சுட்டுகிறார்கள். இன்னொன்று: இடுப்பைச் சுற்றி வந்தது என்றாரே, அரைஞாண் கயிற்றை மாற்றினாரா? நாளெல்லாம் வியர்வையில் ஊறும் பழைய கயிற்றில் பூஞ்சை தங்கும். எத்தனை களிம்பு தடவினாலும் கயிறு திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

திருவையாற்றுக்காரன்:
கேட்டது எண், வந்தது கட்டுரை. இப்போது என் அரைஞாண் கயிறு வரைக்கும் வந்துவிட்டீர்கள். அது எங்கள் குலதெய்வக் கோவிலில் கட்டியது. அதை அறுக்கச் சொல்ல நீங்கள் யார்?

கொள்ளிடக்கரை:
பேருந்துச் செலவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மன்னை மருந்துக்கடை:
கயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு வெண்ணாற்றங்கரையாருக்கு உரிமை இருக்கிறது என்றால், ஓய்வு பெற்றவர்கள் கடைகளுக்குச் சட்டம் படிப்பதற்கு முன்பு தங்கள் காலத்தில் எத்தனை பேருக்குக் கோந்துப் பொட்டலம்போலக் களிம்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள் என்பதையும் பேசலாம்.

வெண்ணாற்றங்கரை:
காகிதத்தில் மடித்துக் கொடுத்தது விட்ஃபீல்டு களிம்பு. அதில் கிளோபெட்டசால் இல்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். திருவையாற்றாருக்கு மூன்றே நாள். குழாயின் மேல் இருக்கும் கலவையைக் கேட்டு இந்த இழையைத் தொடங்கினேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

திருவையாற்றுக்காரன்:
குழாய் இப்போது என்னிடம் இல்லை. என் மைத்துனருக்கும் போன வாரம் அதே இடத்தில் வந்ததால் அவரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கும் இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்.

குடவாசல் வாசகி:
ஒரே வீட்டில் இருக்கிறீர்களா? துண்டு ஒன்றையே இருவரும் பயன்படுத்துகிறீர்களா?

திருவையாற்றுக்காரன்:
அம்மா, தாங்களுமா? இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறேன், அதை முதலில் படியுங்கள்.