அம்மா அப்பாவுடன் ஒரு நாள்: மியூரனா, காண்டர்ஸ்டெக்கா, எங்கல்பெர்க்கா?

பேர்ன்மகள்:
யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் சுவிஸுக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. அப்பாவுக்கு 74 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 69. முழங்கால் வலி, பிரஷருக்கு மருந்தும் எடுக்கிறார். அடுத்த கிழமை எனக்கு ஒரே ஒரு நாள் லீவு. பேர்னிலிருந்து காலையில் வெளிக்கிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய ஒரு சின்ன மலையூருக்குக் கூட்டிப் போக ஆசை. எங்கல்பெர்க் போய் டிட்லிஸ் சிகரத்தில் பனி காட்டுவோம் என்கிறார் கணவர். எனக்கு மியூரன் மனதில் இருக்கிறது. வேலையிடத்துத் தோழி காண்டர்ஸ்டெக் என்கிறாள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லுசேர்ன்வாசி:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி தங்கச்சி. இவ்வளவு தூரம் வந்தவர்கள் பனியைக் கையால் அள்ளாமல் திரும்பிப் போனால் பிறகு எப்போது? லுசேர்னிலிருந்து எங்கல்பெர்க்குக்கு நேரடி ரயில், 43 நிமிடம். அங்கிருந்து கேபிள் காரில் 3,020 மீட்டர் வரை போகலாம். கடைசிக் கட்டத்தில் பெட்டி சுற்றிக்கொண்டே ஏறும். கோடையிலும் மேலே பனி கிடக்கும்.

என் மாமியைப் போன வருடம் கூட்டிப் போனேன். ஒரு உருண்டை பிடித்தார். அதை எறியவும் மனமில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கரைந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்துக்காகவே இன்னொரு தடவை போவேன்.

தூண்ஏரி:
அண்ணா, பனி ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் இவர் பிரஷருக்கு மருந்து எடுக்கும் ஒரு அம்மா. பேர்ன் இருப்பது சுமார் 540 மீட்டரில். ஒரே காலையில் 3,020க்கு ஏற்றுவது விளையாட்டல்ல. எங்கள் பெரியம்மாவுக்கு அந்த உயரத்தில் அரை மணித்தியாலத்தில் தலை சுற்றத் தொடங்கியது. மிச்ச நேரமெல்லாம் ஒரு கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். டாக்டரைக் கேட்காமல் போகவே வேண்டாம்.

அப்புறம், அக்கா கேட்டது ஊர். டிட்லிஸ் ஒரு சிகரம். அங்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கல்பெர்க்கின் ஒரு தெருவைக்கூடப் பார்ப்பதில்லை.

என் வாக்கு காண்டர்ஸ்டெக். உயரம் 1,176 மீட்டர்தான். பேர்னிலிருந்து மாறாமல் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஊரிலிருந்து கொண்டோலாவில் (சின்னக் கேபிள் பெட்டியில்) ஏறினால் ஓஷினன் ஏரி. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, மேலே ப்ளுயெம்லிசால்ப் பனிமலை, கீழே பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். பழைய மலைச்சரிவு ஒன்று அணை போட்டதால் உண்டான ஏரி அது. தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாது, நிலத்துக்கு அடியால் போகிறது. நம் நிலாவரைக் கிணற்றைப் பற்றிக் கதைகதையாகச் சொல்லும் அப்பாக்களுக்கு இது ஒன்றே போதும், பின்னேரம் வரை கதைப்பார்கள்.

ஒன்று மட்டும் கவனம். அந்த ரயில் ஸ்பீஸில் இரண்டாகப் பிரியும். நாங்கள் முதல் தடவை பலகையைப் பார்க்காமல் ஏறி, ஸ்வைசிம்மன் பக்கம் போய்விட்டோம்.

மலைப்பாதை:
பேர்ன்மகள் அக்கா, உங்கள் மனதில் இருப்பதையே செய்யுங்கள். மியூரன் 1,638 மீட்டர். பள்ளத்தாக்குக்கு 800 மீட்டர் மேலே ஒரு பாறை விளிம்பில் இருக்கும் ஊர். வெளியார் வாகனம் வர முடியாது. எதிரே ஐகர், மொங்க், யுங்ஃப்ராவ் மூன்றும் சுவர் எழுப்பியது போல நிற்கும். அவற்றைப் பார்க்க அம்மா ஒரு படிகூட ஏறத் தேவையில்லை, ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே போதும்.

தெரு கிட்டத்தட்டச் சமதரை. மரவீடுகளின் கூரை விளிம்புக்குக் கீழே மாட்டுமணிகள் தொங்கும், சுவரோடு சுவராக விறகை அளந்து வெட்டியது போல அடுக்கியிருப்பார்கள். மரத்தைக் குடைந்த தொட்டியில் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். என் அம்மா அதில் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்குது" என்றார். சுவிஸில் வேறெங்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

உங்கள் அப்பாவுக்கும் வழி இருக்கிறது. கேபிள் கார் போய் முடியும் குரூட்ஷால்ப்பிலிருந்து மியூரனுக்கு வரும் சின்ன ரயிலில் வின்டரெக் என்று நடுவில் ஒரு நிறுத்தம். அப்பாவும் கணவரும் அங்கே இறங்கி மியூரன் வரை நடக்கட்டும், முக்கால் மணித்தியாலம் போதும், பெரிய ஏற்றம் இல்லை. நீங்களும் அம்மாவும் ரயிலிலேயே வந்து காத்திருங்கள்.

காசு பற்றியும் சொல்கிறேன். கெமைண்டேயில் (ஊராட்சி அலுவலகத்தில்) விற்கும் சேமிப்பு நாள் அட்டையை முன்கூட்டியே எடுத்தால் மியூரன் வரை முழுப் பயணமும் அதில் அடங்கும். டிட்லிஸ் கேபிள் காருக்கும் ஓஷினன் கொண்டோலாவுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

தூண்ஏரி:
மலைப்பாதை எழுதியது வடிவாக இருக்கிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். பேர்னிலிருந்து மியூரன் போக இன்டர்லாக்கனில் மாறி, லவுட்டர்புருனனில் மாறி, மேலே மறுபடி மாற வேண்டும். இரண்டு மணித்தியாலப் பயணத்தில் மூன்று மாற்றம். முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிட ரயிலில் ஏறி இறங்குவதுதான் சோதனை. கோடையில் லவுட்டர்புருனனில் நிற்க இடமில்லை. ஒரு நாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று 2024ல் அந்த ஊரே யோசித்தது. இன்னொன்று, மேகம் இறங்கினால் மியூரனில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஓஷினன் ஏரி மேகத்திலும் ஏரிதான்.

மலைப்பாதை:
மேகம் பற்றிச் சொன்னது உண்மை, அதை மறுக்கவில்லை. காலையில் நேரடிக் கமராவைப் பார்க்காமல் யாரும் மியூரனுக்கு வெளிக்கிடக் கூடாது.

மாற்றங்கள் மூன்றும் கிட்டக் கிட்ட. லவுட்டர்புருனனில் ஸ்டேஷனுக்கு எதிரேயே கேபிள் கார், தெருவைக் கடந்தால் போதும். குரூட்ஷால்ப்பில் கேபிள் காரை விட்டு இறங்கினால் ரயில் பக்கத்திலேயே நிற்கும்.

ஆனால் கொண்டோலா மேல் நிலையத்துக்கும் ஓஷினன் ஏரிக்கும் இடையில் 100 மீட்டர் இறக்கம் இருப்பதை நீங்கள் சொல்லவில்லையே? இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். முழங்காலுக்கு இறக்கம்தான் கூடுதல் வலி.

தூண்ஏரி:
ஏரி வரை மின்சார வண்டி ஓடுகிறது. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் பிழை.

வல்லைவெளி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2025 மே 28 அன்று பிளாட்டன் ஊர் இடிந்து விழுந்த பனியாற்றின் கீழ் புதைந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பக்க மலைகளுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஓஷினன் ஏரிக்கு மேலேயும் ஒரு பாறை அசைகிறது என்கிறார்களே?

தூண்ஏரி:
பயம் நியாயமானது. பிளாட்டன் இருப்பது மலைத்தொடரின் மறுபக்கத்தில், வாலே மாநிலத்தில். அங்கேயும் மலை அசைவதைக் கண்காணித்து, ஊர்ச் சனத்தை நாட்கள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். ஓஷினன் ஏரிக்கு மேலே அசையும் பாறையின் பெயர் ஷ்பிட்ஸே ஷ்டை. அதைச் சில வருடங்களாகக் கருவிகள் வைத்துக் கவனிக்கிறார்கள், ஆபத்தான பாதைகளை மூடியும் வைத்திருக்கிறார்கள். மூடிய பாதைக்குள் போகாதவரை நான் பயப்பட மாட்டேன். உங்கள் மனம் கேட்கவில்லை என்றால் போக வேண்டாம், அதிலும் தவறில்லை.

லுசேர்ன்வாசி:
சரி, பிரஷர் விஷயத்தில் தூண்ஏரி சொன்னதை ஏற்கிறேன். அதை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஆனாலும் எங்கல்பெர்க்கைக் கைவிட மாட்டேன். கேபிள் காரில் பாதி வழியில், 1,800 மீட்டர் அளவில் ட்ரூப்சே ஏரியில் இறங்கலாம், கரைப்பாதை சமதரை. கீழே 1120ல் தொடங்கிய பெனடிக்ட் துறவிகளின் மடம் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய ஆர்கன் இசைக்கருவிகளில் ஒன்று அந்தக் கோயிலுக்குள். உங்கள் அம்மாவைப் பின்வரிசை வாங்கில் கொஞ்ச நேரம் இருக்க விடுங்கள். நல்லூரில் நிற்பது போன்ற அமைதி எனக்கு அங்கே கிடைத்தது.

பேர்ன்மகள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவிடமே கேட்டேன். "பனியைத் தொட வேண்டாம் பிள்ளை, ஓரிடத்தில் இருந்து வடிவாகப் பார்த்தால் காணும்" என்றார். அதனால் மியூரன். மேற்கே பார்த்த மலைமுகங்களில் பின்னேரம்தான் வெயில் விழும் என்று கணவர் வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார், ஆகவே அவசரப்படாமல் ஒன்பது மணி ரயில். கமராவில் மேகம் தெரிந்தால் காண்டர்ஸ்டெக். நாள் அட்டை எடுத்தாயிற்று. ரோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலும் நான் பொறுப்பு.

தூண்ஏரி:
நல்லது அக்கா. இன்டர்லாக்கனில் ஏறும் ரயிலும் நடுவழியில் பிரியும். ஒரு பாதி கிரிண்டல்வால்டுக்குப் போய்விடும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏற்றுங்கள், அம்மாவை முதலில்.