குழுக் கணக்கில் 9,450 ரூபாய் இடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அவசர உதவி

வாசல்கோலம் (வியாழன் இரவு)
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் அம்மாதான் ஊக்குநர், அதாவது குழுவை முன்னின்று நடத்துபவர். 11 வருடமாகப் புத்தகம் எழுதுவதும் அவர்தான். போன கூட்டத்தில் பாஸ்புக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் வைத்துப் பார்த்தபோது, புத்தகத்தில் இருப்பதைவிட பாங்கில் 9,450 ரூபாய் குறைவு. ஒருவர் எழுந்து "அப்போ பணம் எங்கே போச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு நோட்டை எடுத்து விரல் வைத்துக் கூட்டிக்கொண்டே இருக்கிறார். ஞாயிறு கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். தப்பு எங்கே இருக்கும்?

நெல்வயல்
எத்தனை பேர் குழு? மாதச் சந்தா எவ்வளவு? உள்கடனில், அதாவது குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுத்த கடனில், வெளியே நிற்கும் பணத்தைக் கழித்துப் பார்த்தீர்களா? பாஸ்புக்கில் கடைசியாக என்ட்ரி போட்டது எப்போது? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாதும்மா.

தாமரைக்குளம்
வாராவாரம் வந்து வசூல் செய்வார்களே, அந்தக் குழுவா? வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து மிரட்டினால் பயப்படாதீர்கள். 2025-ல் தமிழ்நாட்டில் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டமே வந்துவிட்டது. போலீசில் புகார் கொடுக்கலாம்.

வாசல்கோலம்
இல்லைங்க, அது தனியார் கம்பெனிக் குழு. எங்களுடையது அரசின் மகளிர் திட்டக் குழு. 12 பேர். மாதச் சந்தா 200. உள்கடன் நூற்றுக்கு 2 வட்டி. வெளியே நிற்கும் உள்கடனைக் கழித்தாயிற்று, கையிருப்பும் எண்ணியாயிற்று. என்ட்ரி போன வாரம்தான் போட்டோம். அதற்குப் பிறகும் இடிக்கிறது.

கணக்குப்பிள்ளை
இந்தக் குழுமத்தில் இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. வித்தியாசத்தை 9-ஆல் வகுங்கள். மீதி இல்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். 9,450-ஐ 9-ஆல் வகுத்தால் 1,050. அதாவது ஒரு இடத்தில் 1,050 என்று எழுத வேண்டியதை 10,500 என்று வரவில் எழுதியிருப்பீர்கள். வேறு எதையும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், கடனைத் தவறாமல் திருப்பிக் கட்டுவது, சரியான கணக்கு. 1992-ல் நபார்டு (ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஐந்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஐந்தாவதில் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

நெல்வயல்
9-ஆல் வகுபடும் எல்லாத் தொகையும் எழுத்துப்பிழை ஆகிவிடாது. ஒன்பது தொகையில் ஒன்று எப்படியும் வகுபடும்.

ஆடிக்காற்று
நூற்றுக்கு 2 வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். பாங்கு 3 லட்சம் வரை குழுவுக்கு 7 சதவீதத்தில் கொடுக்கிறது. உங்கள் சொந்தப் பணத்துக்கு நீங்களே 24 சதவீதமா? முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

மஞ்சக்கிழங்கு
ஆடிக்காற்று அவர்களே, அந்த வட்டி வேறு எங்கும் போகாது, 12 பேருக்கும் சேர்ந்த பணம். வெளியே 5 வட்டிக்கும் 10 வட்டிக்கும் அலைந்தவர்கள்தான் எங்கள் ஊரில் குழு ஆரம்பித்தோம். எங்களுக்கு அந்த 2 வட்டி கௌரவம்.

ஆடிக்காற்று
எல்லாருக்கும் சேருகிறது, ஆனால் கட்டுவது கடன் வாங்குபவர் மட்டும். கஷ்டத்தில் இருப்பவர்தான் அடிக்கடி வாங்குவார். வசதியானவர் வாங்கவே மாட்டார், பங்கு மட்டும் சமமாக வரும். எங்கள் குழுவில் இதனாலேயே இரண்டு பேர் விலகினார்கள். 1 வட்டியாகக் குறைத்த பிறகுதான் நிலைமை சரியானது.

மஞ்சக்கிழங்கு
அது உங்கள் குழு. தீர்மானம் போட்டு எல்லாரும் கையெழுத்திட்டால் எந்த வட்டியும் அவர்கள் விருப்பம். இந்தப் பெண் வட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வாசல்கோலம் (வெள்ளி காலை)
கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி அம்மாவும் நானும் ராத்திரி 2 மணி வரை தேடினோம். 10,500 என்று எங்கேயும் இல்லை. 1,050 ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது, ஒரு அக்கா உள்கடனில் கட்டியது. அவருடைய தனிநபர் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தோம், அதிலும் 1,050தான். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை
பேரேட்டிலும், அதாவது ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக எழுதும் கணக்கிலும் பாருங்கள். அவசரத்தில் பார்த்தால் கண்ணில் படாது.

மலையடிவாரம்
நான் சில வருடம் சமுதாய வளப் பயிற்றுநராக, குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பவராக, இருந்தேன். உங்கள் குழுவுக்கு வங்கிக் கடன் ஓடுகிறதா? மாதத் தவணை எவ்வளவு, எப்படிக் கட்டுகிறீர்கள்?

வாசல்கோலம்
ஆமாம், 3 லட்சம். அது வேறு கணக்கு என்பதால் சொல்லவில்லை. மாதம் 9,250. வசூலான ரொக்கத்தை அம்மா நேராக கவுன்டரில் கட்டிவிடுவார், ஒரு மாதமும் தவறியதில்லை.

மலையடிவாரம்
9,450-இல் 9,250-ஐக் கழியுங்கள். மீதி 200. உங்கள் சந்தா எவ்வளவு? 200.
அம்மா கவுன்டரில் கடன் கணக்குக்குக் கட்டிய ரொக்கம் சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கில் வராது. ஆனால் உங்கள் பாஸ்புக்கில் ஏதோ ஒரு மாதம் 9,250 பற்று இருக்கும், பாருங்கள். அந்த வரியைப் பார்த்து "தவணைதானே" என்று எல்லாரும் தாண்டிப் போயிருப்பீர்கள். அது பாங்கு தானாக எடுத்தது, நீங்கள் கட்டியது தனி. ஒரே தவணை இரண்டு தடவை போயிருக்கிறது, ஆனால் பணம் தொலையவில்லை, கடன் கணக்கில்தான் இருக்கும். இன்றே கிளைக்குப் போய் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். நாளை சனிக்கிழமை, லீவாக இருந்தால் சிக்கல். கிடைத்ததும் அந்தத் தேதி போட்டு ரொக்கப் புத்தகத்தில் வங்கிப் பக்கம் செலவு எழுதி, கூட்டத்தில் தீர்மானமாகப் பதிந்துவிடுங்கள். இனி ஒரே வழியில் மட்டும் கட்டுவோம் என்று கிளையில் எழுதிக் கொடுங்கள்.
200 ரூபாய்க்கு, சந்தா வந்ததாக டிக் போட்டுப் பணம் வராத பெயரைத் தேடுங்கள்.

தாமரைக்குளம்
குழுவின் சேமிப்புக் கணக்கில் பாங்கு கை வைக்கவே கூடாதே? ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது.

நெல்வயல்
10 லட்சம் வரையான குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதுதான் விதி. தவணையைத் தானாக எடுக்கச் சொல்லி நாமே கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு. வாசல்கோலம், அந்தப் பத்திரத்தையும் கேட்டுப் படித்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
எது எப்படியோ, மாதாமாதம் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்திருந்தால் இது முதல் மாதமே தெரிந்திருக்கும்.

வாசல்கோலம் (ஞாயிறு காலை)
ஸ்டேட்மென்ட் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. மாசியில் இரண்டு தடவை 9,250 வரவாகியிருக்கிறது. பாஸ்புக்கிலும் அந்த வரி இருந்தது, மலையடிவாரம் அக்கா சொன்ன மாதிரியே நாங்கள் தவணை என்று நினைத்து பென்சிலில் டிக் வேறு போட்டிருந்தோம். 200 ரூபாய், ஒரு அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்த மாதம். "நாளைக்குத் தர்றேன்" என்றதும் அம்மா வரவு எழுதிவிட்டார். அவரே இன்று கொண்டுவருகிறேன் என்றார். அம்மா இப்போதுதான் இரண்டு தோசை சாப்பிட்டார். கூட்டத்துக்குக் கிளம்புகிறோம். எல்லாருக்கும் நன்றி.

மலையடிவாரம்
அம்மாவையே ஸ்டேட்மென்ட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் படிக்காதீர்கள். 11 வருடம் எழுதிய கை அது.

மஞ்சக்கிழங்கு (செவ்வாய்)
கூட்டம் எப்படிப் போச்சு? அன்றைக்குக் கேட்டவர் என்ன சொன்னார்?