மில் பென்ஷன் 1,020 ரூபாய்: கூட்டிக் கிடைக்க ஏதாவது வழி உண்டா?

மில்வீட்டுப் பொண்ணு:
அப்பா கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடர் (நூற்பு மெஷின் பார்க்கும் தொழிலாளி). 2006-ல் 58 வயதில் ரிட்டயர்டு. இ.பி.எஸ். 95 (பி.எஃப். ஆபீஸ் தரும் தொழிலாளர் பென்ஷன் திட்டம்) பென்ஷன் மாதம் 1,020. அன்றைக்குப் பாஸ்புக்கில் ஏறிய அதே தொகைதான் இன்றைக்கும். பஞ்சப்படி என்ற பேச்சே இந்தத் திட்டத்தில் கிடையாதாம். 2014-ல் குறைந்தபட்சம் 1,000 என்று ஆக்கினார்களே, அதுவும் இவருக்குப் பயனில்லை. 20 ரூபாய் கூடுதலாக வாங்குகிறாரே!

பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு, இன்ஹேலர் இல்லாமல் ராத்தூக்கம் இல்லை. சுகர், பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்துவிடுவதால் எப்படியோ ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை 1,200 வருகிறது. அவருக்கு அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷம் மூணு ஷிப்ட் பார்த்த மனுஷன் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

"குறைந்தபட்ச பென்ஷன் 7,500 ஆகப்போகுது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பலாமா?

ஒண்டிப்புதூர்க்காரன்:
அது யூனியன்காரர்கள் வைத்திருக்கும் கோரிக்கை அம்மணி. அரசாணை வந்தால்தான் காசு.

கணக்கப்பிள்ளை:
1,020 என்கிற தொகையைப் பார்த்தால் ஒரு சந்தேகம். அப்பா கம்யூடேஷன் வாங்கினாரா? அதாவது, அந்தக் காலத்தில் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், அந்தப் பங்கைப் போல 100 மடங்கு மொத்தமாகக் கொடுப்பார்கள். முழுப் பென்ஷன் 1,530 என்றால் 510 போக மீதி 1,020. கையில் வந்திருக்கும் தொகை 51,000. மாதம் 510 வீதம் 15 வருஷத்தில் பிடித்தது 91,800. அதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மத்திய அரசின் 2020 பிப்ரவரி அறிவிப்பு அதை மாற்றியது. 2008 செப்டம்பர் 25-க்கு முன் கம்யூட் செய்தவர்களுக்கு 15 வருஷம் முடிந்ததும் முழுப் பென்ஷன் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு 2021-லேயே திரும்பியிருக்கணும். பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) காகிதத்தை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும்.

மில்வீட்டுப் பொண்ணு:
அண்ணா, அப்பாவிடம் கேட்டேன். "அக்கா கல்யாணத்துக்கு அம்பதாயிரம் வாங்கினேனே, அதா?" என்கிறார்! பேங்கில் இத்தனை வருஷமாக யாரும் இதைச் சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை:
சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் உண்டு. பி.பி.ஓ., ஆதார், பாஸ்புக் நகலோடு பி.எஃப். ஆபீஸில் மனு கொடுங்கள். 2021-லிருந்து அரியரும் சேர்த்துக் கேளுங்கள். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஒண்டிப்புதூர்க்காரன்:
எங்க மாமாவும் 2007-ல் கம்யூட் பண்ணவர்தான். இப்பவே போன் போடுறேன்.