புதுப்பிப்பு: கல்யாணத்துக்கு முன்னால் கண்ணோரத்தில் போடோக்ஸ்

அக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கண்ணோரச் சுருக்கத்துக்கு போடோக்ஸ் (தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் ஊசி) போடலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா, மருத்துவரைப் பார்த்தாயிற்று. முந்தின வாரம் வேண்டவே வேண்டாமாம். ஒரு மாதம் முன்னால் வரச் சொன்னார். முழுப் பலன் தெரியவே ஏறத்தாழ 2 வாரம் ஆகும். கண்ணைச் சுற்றித் தோல் மெல்லியது, ரத்தக்கட்டு சுலபமாக வரும். அரிதாக மருந்து பரவி இமை இறங்கினால் அது சரியாவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஆல்பம் முழுக்க அரைக்கண்ணோடு நிற்க நான் தயாரில்லை! ஆஸ்பிரின் சாப்பிடுகிறேனா, கர்ப்பமா, நரம்பு-தசை நோய் உண்டா என்றும் விசாரித்தார்.

அப்புறம், அழகு நிலையத்தில் மலிவாகப் போடுகிறார்கள் என்று எழுதியவருக்கு: சிங்கப்பூரில் இதைப் பதிவுபெற்ற மருத்துவர்தான் போடலாம். பலன் 3, 4 மாதம்தான். கல்யாணம் ஜூனில், தீபாவளிக்குள் சுருக்கம் திரும்பிவிடும். பரவாயில்லை.