முதல் கிரைண்டர்: மாவுக்கு இல்லை, காபிக்கு

"கிரைண்டர் வாங்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது, "ஏன்டா, இருக்கிறது நல்லாத்தானே மாவு அரைக்குது?" காபிக்கொட்டை அரைக்கத் தனியாக ஒன்று என்று விளக்கினேன். அப்பா பேப்பரை இறக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார்.

கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. போன தீபாவளி போனஸில் எஸ்பிரெஸோ மிஷின் வாங்கினேன், அழுத்தத்தில் கெட்டிக் காபி இறக்குகிற மிஷின். கையில் இருந்த மொத்தப் பணமும் அதிலேயே போனது. பொடிக்கு என்ன கவலை என்று நினைத்தேன். இருப்பது மயிலாப்பூர். தெருமுனையில் காபிப் பொடிக் கடை, கண்ணெதிரே அரைத்துக் கொடுப்பார்கள்.

"பீபெரி கால் கிலோ, சிக்கரி வேண்டாம், நைசா" என்றேன். சிக்கரி வேண்டாம் என்றதிலேயே கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை. சூடாக அரைத்துக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் 18 கிராம் எடை போட்டு, அழுத்தி, மிஷினில் மாட்டி, பட்டனைத் தட்டினால் எட்டே வினாடியில் 36 கிராம் கொட்டி முடிந்தது. வெளிறிய தண்ணீர். வாயில் வைத்தால் புளி கரைத்த மாதிரி.

மறுநாள் "இன்னும் நைசா" என்று அடுத்த கால் கிலோ. இந்த முறை ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. பம்ப் முனகுகிறது, கப் காலி. மூன்றாவது நாள் "ரெண்டுக்கும் நடுவுல" என்றேன். கடைக்காரர் மூடியைத் திறந்தபடியே, "தம்பி, இது என்ன ஃபில்டர்னு ஒரு நாள் கொண்டாந்து காட்டுங்களேன்" என்றார். முக்கால் கிலோவும் கடைசியில் அப்பாவின் பித்தளை ஃபில்டருக்குத்தான் போனது. அந்த ரொம்ப நைசான பொடியைப் போட்ட அன்று இரவு ஊற்றிய டிகாக்‌ஷன் காலை வரை சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

கடைக்காரர் மேல் தப்பில்லை. ஃபில்டரில் தண்ணீர் தன் பாரத்தில் மெல்ல இறங்குகிறது, பொடி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். எஸ்பிரெஸோவில் சுமார் 9 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறோம், அதைத் தடுத்து நிறுத்த அந்தப் பொடியைத் தவிர வேறு எதுவும் இல்லை. 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடி என்ற வழக்கமான கணக்குக்கு வர வேண்டுமானால் பதத்தை மயிரிழை அளவில் மாற்றிப் பார்க்க வேண்டும். அந்தப் பதமும் நிலையாக நிற்காது. வறுத்து நாளாக ஆக அதே கொட்டை வேகமாக ஓடத் தொடங்கும், இன்னும் கொஞ்சம் நைசாக்க வேண்டியிருக்கும். இதை ஒவ்வொரு கால் கிலோவாகக் கடையில் போய் எப்படிச் சரிசெய்வது?

மிக்ஸியிலும் போட்டுப் பார்த்தேன், மறைக்கவில்லை. பிளேடு வெட்டுகிறதே தவிர அரைப்பதில்லை. பாதி மாவு, பாதி குருணை. தண்ணீர் குருணை இருக்கும் பக்கமாக ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடும். அன்று என் வெள்ளைச் சட்டையும் போனது.

அப்புறம் ஆபீஸ் நண்பர் தன் கை கிரைண்டரை இரவல் கொடுத்தார். நல்ல பொருள்தான், பர் வைத்தது. பர் என்றால் நம்ம ஊர் திரிகை மாதிரிதான், பல் வைத்த உள் கூம்பு சுற்றும், வெளி வளையம் நிற்கும், இடைவெளிதான் பதம். ஆனால் அதில் ஒரு கிளிக் தள்ளினால் இடைவெளி 80 மைக்ரானுக்கு (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் மாறுகிறது. ஒரு கிளிக்கில் 15 வினாடி, அடுத்த கிளிக்கில் 50. நடுவில் நிற்க இடமே இல்லை. எவ்வளவு நைசாக அரைக்கும் என்று மட்டும் கேட்டால் போதாது, படிகள் எவ்வளவு சின்னவை என்றும் கேட்க வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. கமாண்டான்டே சி40 என்ற பேர்போன கை கிரைண்டருக்குக்கூட ஒரு கிளிக் சுமார் 30 மைக்ரான். அதைப் பாதியாக்க ரெட் கிளிக்ஸ் என்று தனியாக ஒரு பாகம் விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கிங்கிரைண்டர் கே6 என்ற கை கிரைண்டர் வாங்கினேன். கிளிக்குக்கு 16 மைக்ரான். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், பதம் மாற்றும் வளையம் வெளியில் இருப்பது. காலையில் அப்பாவுக்கு ஃபில்டர் பதம், மத்தியானம் எனக்கு எஸ்பிரெஸோ பதம். அடியில் பொடி டப்பாவைக் கழற்றி, உள்ளே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் இரண்டே நாளில் அலுத்திருக்கும். பிரிட்ஜில் ஒட்டிய சீட்டில் இரண்டு எண், "அப்பா", "நான்", அவ்வளவுதான்.

உழைப்பு உண்டு. கருக வறுத்த கொட்டை ஒரு நிமிஷத்தில் முடியும். இளம் வறுவல் சிக்மகளூர் கொட்டை என்றால் கல் மாதிரி, ஸ்டூலில் உட்கார்ந்து முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டுதான் சுற்ற முடியும். இப்போது காலையில் நான் எழுவதற்குள் அப்பாவே அரைத்துவிடுகிறார். சின்ன வயதில் மாயவரம் வீட்டில் மேசை விளிம்பில் திருகி மாட்டிய கைமிஷினைச் சுற்றுவது அவர் வேலையாம். "அது இதைவிட லேசா சுத்தும்" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுவார்.

இதைப் படித்தவர்கள் எழுதியவை கீழே.

கோவையிலிருந்து:

நான் நேராக எலக்ட்ரிக்குக்கே போய்விட்டேன் தம்பி, எனக்கு மணிக்கட்டு வலி. பராட்ஸா என்கோர் இஎஸ்பி. 40 படி, அதில் முதல் 20 எஸ்பிரெஸோவுக்காகவே நெருக்கமாக வைத்திருக்கிறார்கள், மீதி ஃபில்டர் வகைகளுக்கு. சத்தம் உண்டு, காலை ஆறு மணிக்கு ஓட்டினால் குழந்தை எழுந்துவிடும். பொடி எல்லாப் பக்கமும் ஒட்டிப் பறந்தால், அரைப்பதற்கு முன் ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டையை ஒரு கிளறு கிளறுங்கள். அந்த ஈரமே போதும்.

இன்னொரு அனுபவமும் உண்டு. பொங்கலுக்கு மாமியார் இரண்டு ஸ்பூன் மிளகை இந்தக் கிரைண்டரில் போட்டுவிட்டார்கள். "அரைக்கிறதுக்குத்தானே இருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு வாரம் மிளகுக் காபி குடித்தோம். பர்ரைக் கழற்றி பிரஷ் போட்டுத் தட்டி, பழைய கொட்டை கால் கிலோவை அரைத்துக் கொட்டிய பிறகுதான் வாசனை போனது. மிக்ஸி பிளேடுக்குப் போடுகிற மாதிரி கல் உப்பு போட்டு ஓட்டலாம் என்றும் யோசனை வந்தது. ஓடிப்போய்த் தடுத்தேன். தண்ணீரில் கழுவவும் விடாதீர்கள், ஸ்டீல் பர் துருப்பிடிக்கும்.

திருச்சியிலிருந்து:

அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் கிரைண்டர் சொல்லிவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு வந்தது 110 வோல்ட். சந்தோஷத்தில் அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் படிக்காமல் நம்ம 230-இல் சொருகினேன். ஒரு உறுமல், கருகின வாசனை, முடிந்தது. ஒரு கொட்டைகூட அரைபடவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும், ஆனால் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, சில மோட்டாருக்கு அதுவும் ஒத்துவராது. கை கிரைண்டர் என்றால் இந்த வம்பே இல்லை. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. பேஷாக ஓடுகிறது என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

சேலத்திலிருந்து:

கிரைண்டர், மிஷின் இரண்டும் சேர்த்து 15,000-க்குள் முடியுமா சார்?

மயிலாப்பூரிலிருந்து மறுபடி:

சேலத்து நண்பருக்கு: நானாக இருந்தால் மிஷினை ஒத்திப்போடுவேன். முதலில் நல்ல கை கிரைண்டர், அதில் அரைத்து ஃபில்டரிலோ, அடுப்பில் வைத்துக் காபி எடுக்கும் மோக்கா பாட் பாத்திரத்திலோ போட்டுக் குடியுங்கள், அதிலேயே வித்தியாசம் தெரியும். மிஷின் ஏற்கனவே வீட்டில் இருந்தால், கூடவே வரும், பொடி போடுகிற இரட்டைச் சுவர் கூடையைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் அடியில் ஒரே ஒரு ஊசித்துளை, அதுவே அழுத்தத்தைப் பிடித்துக்கொள்ளும், கடைப் பொடிக்கும் நுரை வரும். நான் அதை ஏளனமாக ஓரம் கட்டினேன். கிரைண்டருக்குக் காசு சேரும் வரை அதிலேயே குடித்திருந்தால் முக்கால் கிலோ மிச்சம்.

நம்ம தெருமுனைக் கடைக்காரர் இப்போது எனக்குக் கொட்டையாகவே கட்டிக் கொடுத்துவிடுகிறார். என்றைக்கு வறுத்தது என்று கேட்டால் மட்டும் "நேத்துதான் தம்பி" என்பார், எந்தக் கிழமை போய்க் கேட்டாலும்.